பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

இது கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய்க் கதை எழுதுகிறவன் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிப்பான் என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குவது எனக்குத் தெரிகிறது. தாராளமாகப் பிதுக்கிக்கொள்ளுங்கள். ஆனால் இது நடந்தது வெற்றிவேலுக்கு. பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் என்னோடு ஒரே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன். பொய் சொல்ல வராதவன். லீவு கேட்கப் போனால்கூட உண்மைக் காரணத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டு வருவான். அவன் சொன்னதோடு நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. சந்தேகம் வந்து, கூட இருந்த பலராமனையும் தேடிப் போய்க் கேட்டேன். அவர் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம்.

2005-ஆம் வருஷம். ஆயுதபூஜை. செவ்வாய்க்கிழமை.

அன்றைக்குப் பகல் 11.50-க்கு வெற்றிவேலின் மனைவி அன்புசெல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம். ஆயுதபூஜையில் பெண் பிறந்தால் வீட்டுக்கு நல்லது என்று அவன் மாமியார் கமலா ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வெற்றிவேல் தவளக்குப்பத்துக்குப் போன் போட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போது அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷம் நாற்பது நிமிஷம் இருந்தது.

12.30-க்கு உள்ளே இருந்து நர்ஸ் ஓடிவந்தாள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டும். ஓ பாசிட்டிவ் என்று சீட்டில் இருந்தது. அது எங்கேயும் கிடைக்கும், கவலைப்படாதீர்கள் என்றார்கள். ஒரு மணிக்கு ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே இருந்த டெக்னீஷியன் ரஞ்சிதம் சோதனைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"இது ஓ இல்ல சார். பாம்பே குரூப். பாக்க ஓ மாதிரியே இருக்கும். ஆனா ஓ ரத்தம் ஏத்தினா உடம்பு ஒத்துக்காது. அதே குரூப்தான் வேணும்."

"எங்க கிடைக்கும்?"

"பத்தாயிரம் பேர்ல ஒருத்தருக்கு இருக்கும் சார். கூடப்பொறந்தவங்க யாராச்சும்?"

அன்புசெல்வி ஒற்றைப் பெண். கமலாவின் ரத்தத்தைப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. மெட்ராஸில் ஒரு யூனிட் இருப்பதாகவும், லீவு நாள் என்பதால் வந்து சேர ஏழு ஏழரை ஆகிவிடும் என்றும் டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் தாங்குமா என்று வெற்றிவேல் கேட்டான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்குள்ள ஒரு யூனிட்டாவது வேணும்பா."

ரஞ்சிதம்தான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பேரைச் சொன்னார். சக்கரபாணி. காந்தி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் டிடிபி கடை வைத்திருந்தவர். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை அடிப்பது பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் ரத்தம். பாண்டியில் எந்தத் தெருவில் யாருக்கு என்ன குரூப் என்று அவருக்குத் தெரியும். போன் போட்டால் பத்து நிமிஷத்தில் ஆளை அனுப்புவார்.

"நம்பர் குடுங்கம்மா."

"அவர் ஆவணி மாசம் தவறிட்டாரு சார்."

வெற்றிவேலுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது.

"ஆனா லிஸ்ட் அவர் கம்ப்யூட்டர்ல இருக்கும். யாருக்கும் குடுத்தது கெடையாது. நம்பர் வெளிய போனா ஆளாளுக்குத் தொந்தரவு பண்ணுவாங்கன்னு பூட்டியே வெச்சிருப்பாரு. நீங்க போய்ப் பாருங்க சார்."

2.05-க்கு வண்டியை எடுத்தான்.

நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய்கள். ஆட்டோக்களில் வாழைக்கன்று. கடைகள் எல்லாம் ஷட்டரில் சந்தனப் பொட்டோடு மூடிக் கிடந்தன. பூஜையை முடித்து, பொரியைப் பங்கிட்டுக்கொண்டு, ஊரே வீட்டில் படுத்துவிட்டது. நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றில் சக்கரம் ஏறி வண்டி வழுக்கியது. விழவில்லை.

சந்தில் ஒரே ஒரு கடை பாதி திறந்திருந்தது. தையல்கடை. பலராமன் உள்ளே தனியாக உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் கடைதான் சக்கரபாணியுடையது. சாவி பலராமனிடம் இருந்தது. சக்கரபாணியின் மனைவி நிர்மலாதேவி காலையில் வந்து பூஜை போட்டுவிட்டு, சாயந்திரம் விளக்கு ஏற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடலூர்ப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அவரிடம் செல் கிடையாது. அக்கா வீட்டு நம்பர் பலராமனுக்குத் தெரியாது.

"கம்ப்யூட்டர பூஜையில வெச்சிருக்கு தம்பி. இன்னிக்குத் தொடக் கூடாது. நாளைக்குக் காலைல தேங்கா ஒடச்சிட்டுத்தான் எடுக்கணும்."

"அண்ணே, என் பொண்டாட்டி செத்துடுவாண்ணே."

பலராமன் சாவியை எடுத்தார். கதவைத் திறந்துவிட்டு, தான் மட்டும் உள்ளே வராமல் படியிலேயே நின்றுகொண்டார். பூஜையில் வைத்ததைத் தொடுகிற பாவத்தில் பங்கு வேண்டாம் என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் படியில்தான் நின்றிருப்பேன்.

மணி 2.34.

சின்ன அறை. ஊதுவத்தி வாசனை இன்னும் போகவில்லை. மேஜைக் காலில் வாழைக்கன்று. சுவரில் மாலை போட்ட சக்கரபாணி. மானிட்டரின் நெற்றியில் பட்டையாகச் சந்தனம். சிபியு பெட்டியிலும் சந்தனம். குங்குமப் பொட்டைச் சரியாகப் பவர் பட்டனின் மேல் வைத்திருந்தார் அந்த அம்மா. வெற்றிவேல் ஒரு விநாடி கையைப் பின்னால் இழுத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொட்டை அழுத்தினான்.

பட்டனில் பச்சை விளக்கு எரிந்தது. காற்றாடி சுழலும் சத்தம் கேட்டது. பழைய கம்ப்யூட்டர் கிளம்பும்போது உள்ளே கொறகொறவென்று ஒன்று அரைக்குமே, அது கேட்கவில்லை. கம்பெனியில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் இவனைத்தான் கூப்பிடுவோம். அதனால் அவன் அதைக் கவனித்தான். கவனித்துவிட்டு, நல்லதாப் போச்சு, பெட்டி புதுசு என்று நினைத்துக்கொண்டான்.

2.37. நீலத் திரை வந்தது. நடுவில் வாத்துப் பொம்மை படம். பக்கத்தில் 'சக்ரா' என்று பேர். பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

வெற்றிவேல் நெற்றியைச் சுருக்கினான். யாராவது உள்ளே நுழைந்து, எதையாவது திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால்தான் அந்த வரி வரும். இப்போதுதானே பட்டனைப் போட்டோம்... யார் நுழைந்தார்கள்?

யோசிக்க நேரமில்லை. பேரை அழுத்தினான். பாஸ்வேர்டு கேட்டது.

வெறுமனே தட்டிப் பார்த்தான். இல்லை. சக்கரபாணி. இல்லை. நிர்மலா. இல்லை. ரத்தம், பிளட், ஓ பாசிட்டிவ், ஒன்று இரண்டு மூன்று நான்கு. இல்லை, இல்லை. பலராமனிடம் கேட்டுப் பிறந்த வருஷம், கடையின் பேர், வண்டி நம்பர் எல்லாம் போட்டான். எதற்கும் அசையவில்லை.

பக்கத்தில் கேள்விக்குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கும். பாஸ்வேர்டு மறந்துபோனால் நினைவுபடுத்த, சொந்தக்காரரே எழுதிவைத்த குறிப்பு அதில் வரும். அழுத்தினான். மஞ்சள் கட்டம் ஒன்று எழும்பியது. ஆங்கில எழுத்தில் நம் பேச்சு.

'வழக்கம் போல.'

வெற்றிவேலுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வழக்கம் தெரிந்த ஒரே மனுஷன் சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்.

2.55. செல் அடித்தது. கமலா.

"மாப்ள... துணி துணியா மாத்துறாங்க மாப்ள... கெடைச்சுதா?"

"வந்துடும் அத்தே."

அதுதான் அவன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன்.

பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். எஃப் எட்டு பட்டனைத் தட்டித் தட்டி, சேஃப் மோடில் நுழைந்தான். அங்கே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இன்னொரு வாசல் இருக்கும். பத்தில் ஒன்பது பேர் அதற்குப் பாஸ்வேர்டு போட மறந்துவிடுவார்கள். கம்பெனியில் எத்தனையோ தடவை அவன் அந்த வழியாகத்தான் புகுந்திருக்கிறான். சக்கரபாணி பத்தாவது ஆள். அங்கேயும் பூட்டு.

3.08. மேஜை டிராயரை இழுத்துக் கொட்டினான். பழைய பத்திரிகை மாதிரிகள், நன்றிக் கடிதங்கள், தேய்ந்த ரப்பர் ஸ்டாம்புகள். அடியில் பிளாப்பிகள் ஒரு கட்டு. ஒன்றின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் 'சாவி' என்று எழுதியிருந்தது. பாஸ்வேர்டு மறந்தால் திறக்க உதவும் பிளாப்பி! இரண்டு கையாலும் குப்பையை ஒதுக்கி அதை எடுத்தான்.

வாசலிலிருந்து பலராமனின் குரல்.

"என்னா வேகமா அடிக்கிற தம்பி! சக்கரபாணி மாதிரியே."

"என்னாண்ணே?"

"கீபோர்டுதான். டகடகடகன்னு..."

வெற்றிவேல் தரையில் மண்டியிட்டிருந்தான். இரண்டு கையும் டிராயருக்குள் இருந்தன.

மெல்லத் தலையைத் தூக்கினான். கீபோர்டு மேஜைமேல் அப்படியே இருந்தது. சத்தம் எதுவும் இல்லை. காற்றாடி மட்டும் சுழன்றது.

அவன் பிளாப்பியைச் செருகினான். கட்... கட்... கட்... மூன்று தடவை திணறியது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. துடைத்துவிட்டுப் போட்டான். கட்... கட்... பூஞ்சை பிடித்திருந்தது. தூக்கி எறிந்தான்.

நீலத் திரைக்குத் திரும்பினான். வாத்துப் பொம்மை. சக்ரா.

கீழே, இரண்டு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

அவன் கையை மவுஸிலிருந்து எடுத்தான்.

3.21. மறுபடி கமலா. இந்தத் தடவை பேச்சே வரவில்லை. அழுகைதான் வந்தது. நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் புரிந்தது. அன்புசெல்விக்கு நினைவு தப்பிவிட்டது. ஏதோ பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

வெற்றிவேல் செல்லை மேஜைமேல் வைத்தான். நெற்றியை மேஜை விளிம்பில் மோதிக்கொண்டான். ஒரு தடவை. இன்னொரு தடவை. அடுத்த மாசம் அவளுக்கு இருபத்துநாலு முடிகிறது. பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. இங்கே, இந்தத் தகரப் பெட்டிக்குள், கைக்கெட்டும் தூரத்தில், அந்த நம்பர் இருக்கிறது. ஒரு வார்த்தை தெரியாததால் அவள் சாகப்போகிறாள்.

"சார்..." என்றான். யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. "ஒரே ஒரு நம்பர் சார்... உங்க கால்ல விழறேன் சார்..."

கை தானாகப் போய் அந்தக் கேள்விக்குறியை அழுத்தியது.

மஞ்சள் கட்டம் எழும்பியது.

'பேஷண்ட் பேர்?'

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். அதேதான். வழக்கம் போல என்று இருந்த இடத்தில்... பேஷண்ட் பேர்?

"அண்ணே," என்றான். "பேஷண்ட் பேர் என்னான்னு கேக்குதுண்ணே."

படியில் எதுவோ சிதறியது. பலராமன் கையிலிருந்த பொரித் தட்டு.

"தம்பி... போன எடுத்தா அவரு மொதல்ல அதத்தான் கேப்பாரு."

மணி 3.26.

வெற்றிவேல் பாஸ்வேர்டுக் கட்டத்தில் அடித்தான். அன்புசெல்வி. திரையில் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. என்டர் தட்டினான். திறக்கவில்லை. கேள்விக்குறியை அழுத்தினான்.

'எந்த ஆஸ்பத்திரி? வார்டு?'

அடித்தான். விரல்கள் பிசுபிசுத்தன. கடற்கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் பிசுபிசுக்குமே, அப்படி.

'எத்தனை யூனிட்?'

ஒன்று.

'எத்தனை மணிக்குள்ள?'

அஞ்சு.

அறை குளிர்ந்துகொண்டே வந்தது. ஃபேன் போடவில்லை. ஏசி அங்கே கிடையாது.

அவனுக்குப் பின்னால் யாரோ நின்று திரையைப் படிப்பதுபோல இருந்தது. திரும்பவில்லை. திரும்பினால் நேரம் போய்விடும். அதற்குத்தான் திரும்பவில்லை என்று என்னிடம் சொன்னான். நான் நம்பினேன்.

என்டர்.

கேள்விக்குறி.

'உங்க குரூப்? நம்பர்?'

அவனுக்கு அது புரியவில்லை.

"அண்ணே... என் குரூப் எதுக்குண்ணே கேக்குது?"

"கேட்டு வர்றவங்க பேரையும் லிஸ்ட்ல ஏத்திக்குவாரு." பலராமனின் குரல் படியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போயிருந்தது. "ஏத்திக்காம ஒரு ஆளையும் அனுப்ப மாட்டாரு. போட்ருப்பா... போட்டுட்டு வெளிய வந்துடு..."

வெற்றிவேல். ஓ பாசிட்டிவ். செல் நம்பர்.

என்டர்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு விநாடி.

இரண்டு.

மூன்று...

டிங்.

திறந்தது.

3.31. டெஸ்க்டாப் வரவில்லை. நேராக லிஸ்ட். ஏற்கெனவே திறந்திருந்தது. பாம்பே குரூப் என்ற இடத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேர். மூன்று நம்பர்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினான். எழுதி முடித்தவுடன் அங்கேயே நின்று செல்லை எடுத்தான்.

முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை.

இரண்டாவதை ஒரு அம்மா எடுத்தார். "அவரு பிரான்ஸ்ல இருக்காருப்பா. பெரிய பையன்கூட. ஆனி மாசந்தான் வருவாரு."

மூன்றாவது அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது...

"யாரு?"

"நாகராஜ்ங்களா?"

"ஆமா."

அவன் கொட்டித் தீர்த்தான். அந்தப் பக்கம் மீன்பிடிக்காரர். மற்ற நாளாக இருந்தால் அந்த நேரத்துக்குக் கரையில் இருந்திருக்க மாட்டார். அன்றைக்குப் படகுக்கும் பூஜை. மாலை போட்டு மணலில் ஏற்றிவைத்திருந்தார்கள்.

"இதோ வந்துடறேன். ஆஸ்பத்திரி கேட்டாண்ட நில்லு."

வெற்றிவேல் ஒரே தாவாகக் கதவுக்குப் போனான். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால்...

டக. டக. டக. டகடகடகடக.

திரும்பாமல் வெளியே வந்தான்.

பலராமன் ஷட்டரை இழுத்து விட்டார். பூட்டுக்குள் சாவி நுழைய மூன்று தடவை ஆனது.

"ஆஃப் பண்ணியா?"

"இல்லண்ணே."

"இருக்கட்டும்."

அன்று சாயந்திரம் பலராமன் விளக்கு ஏற்றப் போகவில்லை. வாசற்படியிலேயே ஒரு கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு, தன் கடையையும் மூடிக்கொண்டு போய்விட்டார்.

நாகராஜ் 4.05-க்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நெற்றியில் குங்குமம், கைலி, தோளில் துண்டு. படுத்தார். கொடுத்தார். ரஞ்சிதம் பரிசோதனைகளை முடித்து 5.10-க்குப் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். பத்து நிமிஷம் தாமதம். அன்புசெல்வி தாங்கினாள். ஏழே முக்காலுக்கு மெட்ராஸ் யூனிட் வந்து சேர்ந்தது. விடியற்காலையில் அவள் கண்ணைத் திறந்து, குழந்தை என்ன நிறம் என்று கேட்டாளாம். வெற்றிவேல் வராந்தாவுக்கு வந்து, தூண் மறைவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். குழந்தைக்கு அபி என்று பேர் வைத்தார்கள்.

நடந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பதற்றத்தில் கண் ஏதேதோ காட்டியிருக்கும், பாஸ்வேர்டு தற்செயலாகப் பொருந்தியிருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை 10.15. கம்பெனியில் இருந்தபோது அவன் செல் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெரியவர். பேத்திக்கு ஆபரேஷன், ஓ பாசிட்டிவ் வேண்டும், வர முடியுமா என்று கேட்டார்.

"என் நம்பர் உங்களுக்கு யாரு குடுத்தாங்க?"

"சக்கரபாணி சார் கடைக்குப் போன் பண்ணேன் தம்பி. எடுத்தவரு உங்க பேரச் சொன்னாரு."

சரி, அந்த அம்மா ஆள் வைத்துக் கணவர் விட்ட வேலையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார் என்று வெற்றிவேல் நினைத்தான். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அரை நாள் லீவு போட்டுப் போய் ரத்தம் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு, கருவடிக்குப்பத்தில் இருந்த நிர்மலாதேவி வீட்டுக்குப் போனான். பூஜையில் வைத்ததைத் தொட்டதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். குழந்தைக்கு என்ன பேர் என்று விசாரித்தார். பிறகு கேட்டார்.

"எந்தக் கம்ப்யூட்டர்ல பாத்தேன்ற?"

"கடையில, பூஜையில வெச்சிருந்தீங்களே... அதுலதாங்கா."

"கடைக்கு நான் ஆளெல்லாம் போடலியே தம்பி. போன் லைனும் போன மாசமே கட் பண்ணிட்டாங்க."

வெற்றிவேல் ஏதோ சொல்ல வந்தான். அவர் எழுந்து சாவியை எடுத்தார். இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. நிர்மலாதேவி பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டுத் தகட்டைக் கையாலேயே இழுத்தார். திருகாணிகூட இல்லை. தகடு கழன்று வந்தது.

உள்ளே காற்றாடி இருந்தது. ஒயர்கள் தொங்கின. ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை.

"அவரு தேடிச் சேத்தது எல்லாம் அந்தச் சின்னப் பெட்டியிலதான் இருக்குன்னு சர்வீஸ் பையன் சொன்னான். கண்டவங்க கையில சிக்கக் கூடாதுன்னு அவரு உசுரோட இருக்கும்போதே சொல்லிக்கிட்டு இருப்பாரு. கழட்டிக் குடுப்பான்னு வாங்கிட்டேன். காரியத்தன்னிக்குப் படகுல போனோம் இல்ல... சாம்பலோட சேத்து அதையும் கடல்ல கரைச்சிட்டேன்."

"என்னிக்குக்கா?"

"செப்டம்பர் நாலு."

ஆயுதபூஜைக்கு முப்பத்தேழு நாள் முன்னால்.

"அப்புறம் எதுக்குக்கா இதைப் பூஜையில வெச்சீங்க?" வெற்றிவேலின் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"பதினோரு வருஷம் சோறு போட்டுச்சே தம்பி. வெறும் பெட்டியா இருந்தா என்னா, ஆயுதந்தானே."

இதை எழுதும்போது 2008 நடக்கிறது. வெற்றிவேலுக்கு இதுவரை பத்து போன் வந்திருக்கிறது. பத்தும் தெரியாத நம்பர்கள். பத்துக்கும் போனான். ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் அடுத்த தடவைக்கு மூன்று மாசம் இடைவெளி விட வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் விதி. அவன் கடைசியாக எப்போது கொடுத்தான் என்று கூப்பிடுகிற யாருக்கும் தெரியாது.

ஆனால் ஒரு போன்கூட மூன்று மாசம் முடிவதற்கு ஒரு நாள் முந்தி வந்ததில்லை.